கறுவாத் தோட்டத்தில் ஓர் அனெக்ஸ்

கொழும்பு மாநகரின் பகுதிகள் பெயரால் மட்டுமன்றி எண்ணாலும் அறியப்படுகின்றன. பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கொட்டாஞ்சேனை 13 என்றவாறு அஞ்சல் வசதிக்காக இடப்பட்ட எண்கள் அவை. அவற்றுள் ஓரெண் மாத்திரம் அஞ்சற்காரரின் பையை விட்டு வெளியேறி, அரசியல் மேடையிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் குடியேறிவிட்டது. 'கொழும்பு 7' என்பது இன்று ஓரிடத்தின் பெயர் மட்டுமன்று. ஒரு வர்க்கத்தின் பெயருமாகும். ஒல்லாந்தர் காலத்திற் கறுவா பயிரிடப்பட்ட அந்நிலத்திற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செல்வர் குடிபெயரத் தொடங்கினர். கோட்டையின் இரைச்சலிலிருந்து விலகி வாழ விரும்பியோர்க்கு அன்று அது புறநகர். நகரம் வளர்ந்து அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்ட பின்னரும் புறநகருக்குரிய அகன்ற வளவும் நிழல்மரமும் அமைதியும் அங்கு எஞ்சி நிற்கின்றன. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் இல்லமான 'பொன்கிளார்' ஹோட்டன் பிளேசிலேயே அமைந்திருந்தது. எனவே கறுவாத் தோட்டத்திலே தமிழர் வாழ்தல் புதுமையன்று. எத்தகைய தமிழர் வாழ்ந்தனர் என்பதே வினா.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு இடமாற்றம் பெற்ற தாதி ஒருவர், தாம் அப்பகுதியிலேயே வீடு பார்க்கப் போவதாகக் கூறியபோது உறவினர் சிரித்தமைக்கும் அதுவே காரணம். அவருக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்கு வயது 14, இளையவனுக்கு 4. கணவர் வெளிநாடு சென்றவர். முதலில் மாதந்தோறும் பணம் வந்தது. பின்னர் தொலைபேசி அழைப்பு மட்டும் வந்தது. அதன்பின் அதுவும் நின்றுபோயிற்று. அவர் அங்கு வேறொரு குடும்பத்துடன் வாழ்கின்றார் என்பது ஊரில் எல்லாருக்குந் தெரிந்த செய்தி. எழுத்தில் எங்குமில்லாத செய்தி. விதவைக்கு ஒரு சான்றிதழ் உண்டு. விவாகரத்துப் பெற்றவருக்கு ஒரு தீர்ப்பு உண்டு. இவ்விரண்டுமின்றித் தனித்து நிற்கும் தாயை எப்பெயராற் குறிப்பதென்பது படிவங்களை அச்சிடுவோருக்கு இன்னும் விளங்கவில்லை. இலங்கையின் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பெண்ணைத் தலைவியாகக் கொண்டதெனும்போது, இது ஒரு சிலரின் இடர்ப்பாடு எனத் தள்ளிவிடத்தக்கதுமன்று.

எங்கு குடியேறுவது என்ற வினாவுக்கு ஆளுக்கொரு விடை இருந்தது. வெள்ளவத்தையே தக்கதென்றனர் உறவினர்: எட்டிப் பார்த்தால் ஒரு மாமி, பக்கத்துத் தொடர்மாடியில் ஒரு மச்சாள், நடந்து செல்லும் தூரத்திற் கோயில், தமிழிற் பேசி வாங்கத்தக்க கடை. நகரத்திற்கு வெளியே ஹோமாகமைப் பக்கம் சென்றால் பாதி வாடகைக்கு முழு வீடு கிடைக்கும் என்றனர் உடன் பணிபுரிவோர். இவ்விரண்டையும் விடுத்து, அதிக வாடகைக்குக் குறைந்த இடம் கிடைக்கும் செல்வர் பகுதியைத் தாதி ஒருவர் நாடுவதைப் பகட்டு எனக் கருதுதல் எளிது. ஆனால் அவருடைய கணக்கு வாடகையில் தொடங்கவில்லை, நேரத்தில் தொடங்கிற்று.

அரச வைத்தியசாலைத் தாதியின் நாள் மூன்றாகப் பகுக்கப்பட்டது. காலைக் கடமை 7 மணி முதல் 1 மணி வரை. மாலைக் கடமை 1 மணி முதல் 7 மணி வரை. இரவுக் கடமை மாலை 7 மணி முதல் மறுநாட் காலை 7 மணி வரை. பாடசாலையிலோ முதலாந் தரத்துப் பிள்ளைகளை முற்பகல் 11.30 மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவர். ஆகவே தாய் காலைக் கடமையில் இருக்கும் நாளில் 11.30இலிருந்து 1 மணி வரையான ஒன்றரை மணி நேரம் பிள்ளை எவருக்கும் உரியவனல்லன். பேருந்தில் ஒரு மணி நேரம் பயணஞ் செய்ய வேண்டிய இடத்தில் வீடு இருப்பின் ஒன்றரை இரண்டரையாகும். மாதத்திற் சில இரவுகளைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. வைத்தியசாலையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் வீடு இருத்தல் அவருக்கு வசதியன்று, அடிப்படைத் தேவை. கொழும்பின் பெரிய வைத்தியசாலைகளை அடுத்து வாட் பிளேசும் அதற்கப்பால் கறுவாத் தோட்டத்தின் ஏனைய வீதிகளும் இருப்பது அவர் செய்த குற்றமன்று.

ஈரோரு வாழும் வீட்டில், அதிலும் செல்வம் உள்ள வீட்டில், இந்த ஒன்றரை மணி நேரம் ஒரு பிரச்சினையாகவே தோன்றுவதில்லை. சாரதி சென்று பிள்ளையை அழைத்துவருவார். வீட்டிலுள்ள பணிப்பெண் உணவூட்டுவார். கறுவாத் தோட்டத்து வீடுகளின் அடுக்களைகளில் நெடுங்காலம் இப்பணியைச் செய்தோர் பலர் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களாவர். தம் பிள்ளைகளை லயத்தில் விட்டுவந்து பிறர் பிள்ளைக்குச் சோறூட்டிய தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். அப்பகுதியில் தமிழர் வரலாற்றைப் பேசுவோர் 'பொன்கிளாரை' நினைவுகூரும் அளவுக்கு இவர்களை நினைவுகூர்வதில்லை. இது ஒருபுறமிருக்க, செல்வர் பகுதி என்பது இரண்டாவது வளர்ந்தவர் ஒருவர், ஒரு வாகனம், கூலிக்கு ஓர் ஆள் என்பனவற்றை உள்ளதாகவே எடுத்துக்கொண்டு அமைந்த வாழ்விடம் என்பது மனங்கொள்ளத்தக்கது. இம்மூன்றுமில்லாத ஒருவர் அங்கு குடியேறும்போது அவற்றுக்கு ஈடாக எதையேனும் கண்டுபிடிக்க வேண்டியவராகின்றார்.

அவ்வாறாயின் அங்கு அவர் பெறுவதுதான் யாது? விகாரமகாதேவிப் பூங்கா, அதனருகே கொழும்பு பொது நூலகம், 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலை, பிள்ளை தனியே நடக்கத்தக்க நடைபாதை, வெயிலிலும் நிழல் மாறாத வீதி — இவற்றுக்கு அங்கு வாழ்வோர் தனியே வாடகை செலுத்துவதில்லை. பணம் படைத்தோர் தம் வீட்டினுள்ளேயே வைத்திருக்கும் பலவற்றை, அவர்கள் அயலிற் பொதுவாகவும் வைத்திருக்கின்றனர். புத்தக அலுமாரி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கே நூலகம் கூடுதலாகப் பயன்படும் என்பதைத் தாதி எந்த நூலையும் வாசித்து அறியவில்லை.

நூல் வாசித்தோர் அறிந்தது வேறொன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை, பால்ரிமோர், பொஸ்ரன், சிக்காகோ, லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. அரச வீடமைப்புத் திட்டங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 4600 வறிய குடும்பங்கள் அதிற் சேர்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை தாய் தனித்து நடத்திய குடும்பங்கள். குலுக்கல் முறையிற் சிலருக்கு வாடகை உதவிச் சீட்டு வழங்கப்பட்டது. வறியோர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவுள்ள அயலில் மாத்திரமே அதனைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. முதலிற் கிடைத்த பெறுபேறுகள் ஆர்வலரை ஏமாற்றின. இடம்மாறிய தாய்மாரின் மனநலமும் உடல்நலமும் சீரடைந்தன, வருவாய் உயரவில்லை. ஆனால் 2015இல் ராஜ் செட்டி, நதானியல் ஹென்றன், லோரன்ஸ் கட்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர் அக்குடும்பங்களின் பிள்ளைகளை, அவர்கள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிய பின் மீண்டும் நோக்கினர். சீட்டைப் பயன்படுத்தி 13 வயதுக்கு முன் இடம்மாறியோர், தம் இருபதுகளின் நடுப்பகுதியில், மாறாதோரைவிட 31 சதவீதம் கூடுதலாக உழைத்தனர். 13 வயதுக்குப் பின் மாறியோருக்கோ அந்நன்மை கிட்டவில்லை. சிறிது பாதகமே நேர்ந்தது. பழகிய பாடசாலையையும் தோழரையும் பதின்ம வயதில் இழந்ததன் விலை, புதிய அயல் தந்த நன்மையை விஞ்சிவிட்டது போலும்.

அமெரிக்க நகரத்துக் கணக்கைக் கொழும்புக்கு அப்படியே பொருத்துதல் அறிவுடைமையாகாது. அங்கு வறுமையும் நிறவேற்றுமையும் குற்றச்செயலும் ஒரே தெருவிற் செறிந்து கிடந்தன, கிளிநொச்சி அத்தகையதன்று. எனினும் வயது பற்றிய அவ்வுண்மை எந்நாட்டுத் தாயையும் உறுத்தக்கூடியது. 4 வயதிலும் 14 வயதிலும் பிள்ளைகளையுடைய ஒருவர் ஓரிடத்துக்கே இருவரையும் அழைத்துச் செல்லும்போது, ஒருவருக்குக் கொடுப்பதை மற்றவரிடமிருந்து எடுக்கின்றார்.

பிள்ளையின் பாடசாலைக்காகவே கொழும்புக்குச் செல்வதாக ஊரார் எண்ணினர். கறுவாத் தோட்டத்தில் வீடெடுத்தால் றோயல் கல்லூரியோ டி. எஸ். சேனநாயக்க கல்லூரியோ அருகில் இருக்கும். இரண்டிலும் தமிழ்மொழி வகுப்புகளும் உள. மகன் உள்ளே சென்றுவிடுவான் என்று அவருந் தொடக்கத்தில் நம்பியதுண்டு. முதலாந் தர அனுமதி பற்றிய சுற்றுநிருபத்தை வாசித்தபோது அந்நம்பிக்கை கரைந்தது. அருகில் வசிப்போருக்கே பாதி இடங்கள் ஒதுக்கப்படுவது உண்மை. ஆனால் அருகில் வசித்தல் என்பதற்குச் சுற்றுநிருபம் தரும் பொருள் வேறு. முந்திய ஐந்தாண்டுகளின் வாக்காளர் இடாப்பிற் பெற்றோரின் பெயர் அம்முகவரியில் இருத்தல் வேண்டும். வீட்டின் உறுதி சொந்தப் பெயரில் உள்ளவர்க்கு ஒருவகைப் புள்ளி. வாடகைக்கு இருப்பவர்க்கு அதனிற் குறைந்த புள்ளி. ஐந்து வயதிற் பாடசாலை செல்லவிருக்கும் பிள்ளைக்காக ஐந்தாண்டு இடாப்புக் காட்ட வேண்டுமாயின், பிள்ளை பிறக்கு முன்னரே பெற்றோர் அங்கு குடியேறியிருத்தல் வேண்டும். இடமாற்றம் பெற்றுவரும் அரச ஊழியரின் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வீதம் உண்டு; அது சேவைத் தேவையின் பொருட்டு மாற்றப்பட்டோருக்கு உரியது. இவரோ தாமே விண்ணப்பித்து வந்தவர். பணத்தாற் பெறக்கூடியதாகத் தோன்றிய அயல், உண்மையிற் காலத்தால் மட்டுமே பெறக்கூடியதாயிருந்தது.

வாக்காளர் இடாப்பு எனும்போது தமிழர் மனத்தில் எழும் நினைவு பாடசாலை அனுமதியன்று. 1983 ஜூலையில் கொழும்பின் வீதிகளில் வந்த கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகளைத் தேர்ந்து தீயிட்டன என்பதை அன்று தப்பியோர் பலரும் பதிவுசெய்துள்ளனர். அதன்பின், 2007 ஜூன் 7ஆந் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழர் விடிகாலையில் எழுப்பப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பெயர் இடாப்பில் இருந்தமையால் ஒரு தலைமுறை வீடிழந்தது. நிலையான முகவரி இல்லாமையால் இன்னொரு தலைமுறை வெளியேற்றப்பட்டது. வெள்ளவத்தை உறவினர் தம் ஆலோசனையில் வெளிப்படையாகச் சொல்லாத காரணம் இதுவே. நெருங்கி வாழ்தல் அவர்களுக்கு விருப்பம் மட்டுமன்று, பட்டறிவு.

மூத்தவளைப் பற்றிய கணக்கு இதனிலும் சிக்கலானது. இவ்விதழை வாசிப்போருக்கு அதனை விளக்க வேண்டிய தேவையில்லை. பலர் அக்கணக்கின் வழியாகவே பல்கலைக்கழக வாயிலைக் கடந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில் எழுந்து பல மாற்றங்களுக்கு உட்பட்ட அனுமதி முறையில், கலை முதலிய சில துறைகள் நீங்கலாக, 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. கிளிநொச்சி அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. மருத்துவத்துக்கு அம்மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி கொழும்பினதைவிடத் தாழ்ந்தது. உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் மாணவி எம்மாவட்டத்துப் பாடசாலையிற் கற்றாள் என்பதே கணிக்கப்படுமாதலால், விஞ்ஞானம் கற்க விரும்பும் 14 வயதுச் சிறுமியைக் கொழும்புக்கு அழைத்து வருதல் அவளுடைய தடையை உயர்த்துவதாகும். நல்ல ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியரும் உள்ள இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து, அவற்றின் பயனை வெட்டுப்புள்ளியால் திருப்பிப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. நீதிக்காக வகுக்கப்பட்ட விதியே ஆயினும், குடும்பம் ஒன்றாயிருத்தலை அது கணக்கிற் கொள்ளவில்லை.

இவற்றுக்கிடையே பணம் என்றொன்றும் உண்டு. கொழும்பில் வீட்டுக்காரர் ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்பது வழக்கம். அதற்கு மேலுங் கேட்போர் உளர். தாதியின் கைவசமிருந்த ஒரே பெருஞ்சொத்து, கிளிநொச்சியிலுள்ள சீதன வீடு. உறுதி அவர் பெயரிலேயே இருந்தது. போருக்குப் பின் அவருடைய சம்பளத்திலேயே திருத்தப்பட்ட வீடு. ஆயினும் அதனை விற்க அவரால் இயலவில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின் வழிவந்த, யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வட மாகாணத் தமிழ்ப் பெண்ணுக்குத் தன் ஆதனம் தனக்கே உரியது என்கின்றது. அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் அடுத்த மூச்சிலேயே கூறுகின்றது. கணவர் கைவிட்டுச் சென்றாலோ, அவர் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்துக்கு ஈடான அனுமதியைப் பெறலாம். அதாவது, ஊரில் எல்லாருக்குந் தெரிந்த அச்செய்தியை மன்றிலே நிறுவ வேண்டும்.

அசையும் ஆதனத்துக்கு அத்தடையில்லை. எனவே கணவர் கட்டிய தாலிக்கொடியை எவரையுங் கேளாது விற்கச் சட்டம் இடமளிக்கின்றது. தந்தை கொடுத்த வீட்டை விற்க இடமளிக்கவில்லை. ஆனால் தாலிக்கொடிக்கு வேறொரு பயன் இருந்ததை வீடு தேடும்போதே அவர் கண்டார்.

தரகர் கேட்கும் முதல் வினா வாடகை பற்றியதன்று. "மிஸ், அவர் எங்கை வேலை செய்யிறார்?" என்பதே அது. வெளிநாட்டில் என்று சொன்னால் முகம் மலரும். எந்த நாடு, எப்போது வருவார் என்ற வினாக்கள் தொடரும். விடை தடுமாறினால் மலர்ந்த முகம் வாடும். ஒரு வீட்டில், ஆண்துணையில்லாத வீட்டுக்கு ஆட்கள் வந்து போவார்கள், அயலார் குறைகூறுவர் என்று நேரடியாகவே சொன்னார்கள். இன்னொரு வீட்டில் வாடகை தவறாது வருமா என்று கேட்டார்கள். மாதச் சம்பளம் பெறும் அரச ஊழியரை நோக்கிக் கேட்கப்பட்ட வினா அது. கழுத்தில் தாலிக்கொடி இருந்தபோது இவ்வினாக்கள் சற்றே மென்மையாயின. ஆகவே வீடு கிடைக்கும் வரை தாலிக்கொடி கழுத்தில் இருக்க வேண்டும்; வீட்டுக்கு முற்பணங் கட்டுவதற்கோ அது அடகுக்கடையில் இருக்க வேண்டும். வார்டில் உடன் பணிபுரிந்தோர் நடத்திய சீட்டை முதலாவதாக அவருக்கு விட்டுக்கொடுத்தே இம்முடிச்சை அவிழ்த்தனர். அதற்கு முன்வந்தவர்களுட் பெரும்பாலார் சிங்களப் பெண்கள். அவர்களிற் சிலரும் அதே வினாக்களைக் கேட்டு அலுத்தவர்கள்.

வறிய தாய்மார் நல்ல அயலை விரும்புவதில்லை, பழகிய இடத்தையே நாடுகின்றனர் என்று கூறும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் சியாற்றில் பகுதியில் 2018இல் தொடங்கிய இன்னொரு பரிசோதனை இதனை நேரே சோதித்தது. வாடகை உதவிச் சீட்டுப் பெற்ற குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு வீடு தேடுதலிலும் வீட்டுக்காரருடன் பேசுதலிலும் முற்பணச் செலவிலும் துணை வழங்கப்பட்டது, மற்றோருக்கு வழங்கப்படவில்லை. துணை பெற்றோரில் 53 சதவீதத்தினர் வாய்ப்பு மிக்க அயல்களிற் குடியேறினர். பெறாதோரில் 15 சதவீதத்தினரே அவ்வாறு செய்தனர். கையிலிருந்த சீட்டு இரு சாராருக்கும் ஒன்றே. வேறுபாடு, கதவைத் தட்டும்போது பக்கத்தில் ஒருவர் நின்றாரா என்பது மட்டுமே.

ஈற்றிற் கிடைத்தது முழு வீடன்று, ஓர் அனெக்ஸ். கொழும்பு வாழ்வை அறியாதார்க்கு இச்சொல் விளக்கப்பட வேண்டியது. பெரிய வீட்டின் பக்கத்திலோ பின்புறத்திலோ தனி வாயிலுடன் ஒதுக்கப்பட்ட ஓரறை, ஒரு சிறு சமையலிடம், ஒரு குளியலறை. கறுவாத் தோட்டத்து வீடுகள் சிலவற்றிற் பிள்ளைகள் மெல்பேணுக்கும் லண்டனுக்கும் சென்றுவிட, முதியோர் தனித்து எஞ்சியுள்ளனர். அவர்களுக்கு வாடகைப் பணம் மட்டும் தேவையன்று; வளவுக்குள் மனித நடமாட்டம் தேவை. இவ்வீட்டுக்கார அம்மையாரும் அத்தகையவரே. எண்பதை நெருங்கும் வயதினர், தமிழர், ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழிற் பேசும் பழக்கமுடையவர். வந்திருப்பவர் தாதி என்று கேட்டதுமே வாடகையிற் சிறிது குறைத்தார். "இரவிலை டியூட்டி எண்டால் தம்பியை ஆர் பாக்கிறது, பிள்ளை?" என்று கேட்டவரும் அவரே. அதுவரை வீடு பார்க்கச் சென்ற எவ்விடத்திலும் எவரும் கேளாத வினா அது. விடையையும் அவரே தந்தார்: தம்பி தம் அறையில் உறங்கலாம், தாதி காலையும் மாலையும் தமக்கு இன்சுலின் ஊசி போட்டு, இரத்த அழுத்தம் பார்த்துவிட வேண்டும்.

இவ்வேற்பாட்டை எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு கோணத்தில், இருவரும் ஒருவரிடமில்லாததை மற்றவரிடம் பெற்றனர், முற்பகல் 11.30 மணிக்குக் கதவைத் திறக்க ஒருவர் கிடைத்துவிட்டார். மறுகோணத்தில், வாடகையும் செலுத்திக்கொண்டு ஊதியமில்லாத தாதியாகவும் வாழும் நிலை அது. எங்கே வாடகைக் குடியிருப்பு முடிந்து எங்கே பணிவிடை தொடங்குகின்றது என்பதை வரையறுக்கும் பத்திரம் எதுவுமில்லை. முதல் மாதத்தில் ஊசி மட்டுமிருந்தது. இரண்டாம் மாதத்தில் மருந்துக்கடைக்குச் செல்லுதல் சேர்ந்தது. மூன்றாம் மாதத்தில், பணிப்பெண் வராத நாளிற் பெரிய வீட்டு அடுக்களையிலே தாதி நின்றார். தன் தாய்க்குச் செய்வது போலத்தானே என்று சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் அவருடைய தாய் கிளிநொச்சியில் இருந்தார்.

வெள்ளவத்தையில் இக்கணக்கு எழுந்திராது என்பர். அங்கு மாமியும் மச்சாளும் உதவுவர். உதவிக்குக் கணக்கு வைக்கப்படாது. ஆனால் உறவினரின் உதவிக்கும் ஒரு விலை உண்டு; அது பணமாகக் கேட்கப்படுவதில்லை. எத்தனை மணிக்கு வந்தாய், யார் வாகனத்தில் வந்தாய், அவர் தொலைபேசி எடுத்தாரா என்ற வினாக்களாக அது நாள்தோறும் செலுத்தப்படும். கணவர் நிறுத்திய தொலைபேசி அழைப்பை அவர் ஒருமுறை இழந்தார். வெள்ளவத்தையில் வாழ்ந்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இழக்க வேண்டியிருக்கும். செல்வர் பகுதியின் மதிலுக்குப் பின்னால் வாழும் அயலார் எவரையும் எதுவுங் கேட்பதில்லை. அந்த அலட்சியம் சிலருக்குத் தனிமையாகும். இவருக்கு அது ஓய்வாயிருந்தது.

அவ்வலட்சியம் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பது வேறு வினா. 2022இல் வெளியான ஆய்வொன்றில், முன்கூறிய ராஜ் செட்டியும் பிறரும் 7 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கரின் முகநூல் நட்புகளை ஆராய்ந்து, வறிய வீட்டுப் பிள்ளைகளின் எதிர்காலத்தோடு நெருங்கிய தொடர்புடையது செல்வருடன் கொள்ளும் நட்பே என்றனர். அந்நட்பு அரிதாவதற்கு ஏறத்தாழப் பாதிக் காரணம் இரு சாராரும் ஒரே இடத்திற் சந்தியாமை. மறுபாதி, ஒரே இடத்தில் இருந்தும் பழகாமை. அனெக்ஸ் பையன் பூங்காவுக்குச் செல்கின்றான். அங்கு வரும் ஏனைய பிள்ளைகளுடன் பணிப்பெண்களே வருகின்றனர். இதுவரை அவன் நட்புக்கொண்டிருப்பது அப்பணிப்பெண்களுடன்.

மூத்தவள் கிளிநொச்சியிலேயே அம்மம்மாவுடன் தங்கினாள். அம்முடிவைத் தாய் எடுக்கவில்லை. எடுக்கும் துணிவும் அவருக்கு இருக்கவில்லை. ஒருநாள் தொலைபேசியில் அவளே சொன்னாள்: "நான் இஞ்சை இருந்து படிக்கிறன் அம்மா. அங்கை வந்தால் எனக்குத்தான் நட்டம்." வெட்டுப்புள்ளியைக் குறித்தே அவ்வாறு கூறினாள் எனத் தாய் எடுத்துக்கொண்டார். விடுமுறைக்கு வந்தபோது அவள் பொது நூலகத்தில் மூன்று நாட்களை முழுதாகக் கழித்தாள். அனெக்ஸில் இரண்டு கட்டில்களே உள்ளமையால் இரவிற் பாயில் உறங்கினாள்.

வாக்காளர் பதிவுப் படிவம் வந்தபோது, அதில் தம் பெயரையும் சேர்க்குமாறு தாதி வீட்டுக்கார அம்மையாரைக் கேட்டார். அனெக்ஸுக்குத் தனி இலக்கம் இல்லை. பிரதான குடியிருப்பாளரே படிவத்தை நிரப்ப வேண்டும். முதலாந் தரத்துக்கு அது உதவாது என்பது தெரிந்ததே. மகன் பம்பலப்பிட்டிப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலைக்கே செல்லவிருந்தான். எனினும் ஆண்டுகள் எண்ணப்படத் தொடங்கட்டும் என்று அவர் விரும்பினார். வீட்டுக்காரர் தயங்குவதற்கு வழமையான காரணம் ஒன்றுண்டு: 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்கு அஞ்சி, குடியிருப்பவரின் பெயரை எப்பத்திரத்திலும் ஏற்ற அவர்கள் உடன்படுவதில்லை. அம்மையார் அதனைச் சொல்லவில்லை. படிவத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"எண்பத்திமூண்டிலை இந்த லிஸ்ற்றை வைச்சுக்கொண்டுதான் கேற்றடியிலை நிண்டவங்கள். அவற்றை பேரைச் சரியா வாசிச்சவங்கள்" என்றார்.

அதன்பின் தம் வீட்டிலிருந்து எவரும் அப்படிவத்தை நிரப்பியதில்லை என்பதையும் சொன்னார். அத்தனை ஆண்டுகளாக, அந்த வீதியில், அந்த வீட்டில், எந்த இடாப்பிலும் பெயரின்றியே அவர் வாழ்ந்திருக்கின்றார். தாதி ஒன்றுஞ் சொல்லவில்லை. "நாளைக்குப் பாப்பம் பிள்ளை" என்று அம்மையார் படிவத்தைத் தொலைபேசியின் கீழ் வைத்தார். மாலை ஆறரை மணியாயிற்று. மகன் ஏற்கெனவே பெரிய வீட்டு அறையில் தலையணையை வைத்துவிட்டிருந்தான். தாதி ஊசியைப் போட்டு, அளவைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டு, இரவுக் கடமைக்குப் புறப்பட்டார்.